பாட்டுப் பிடித்த பஜார்

தேரிக்கோட்டைப் பழைய பஜாருக்குப் பாட்டுப் பிடித்தது ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கடைவாசல்களில் தண்ணீர் தெளிக்கிற நேரத்தில்; முதலில் பாடியவர் ஜவுளிக்கடை கொம்பையா அண்ணாச்சி, அவர் பாடியது "எவம்ல என் கடைக்கு முன்னால சைக்கிளச் சாத்துனது" என்பதை. ஆத்திரமாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் வாயை விட்டு வெளியே வரும்போது அது கும்மிப்பாட்டாக, குனிந்து நிமிர்ந்து கைதட்டத் தோதான தாளத்தோடு வந்துவிட்டது. எதிர்ச்சாரிப் பூக்கடைக்காரர் "இந்தா எடுத்துட்டேன் அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய" என்று அதே கும்மிக்கு அடுத்த அடியைப் பாடிவிட்டு, பாடியது தான்தானா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு கொம்பையா ஷட்டரைத் தூக்கினார், ஏனென்றால் பாட்டு வந்தாலும் பேச்சு வந்தாலும் கடையைத் திறந்துதானே ஆகவேண்டும்.

மத்தியானத்துக்குள் எல்லை பிடிபட்டுவிட்டது. மேற்கே மணிக்கூண்டு, கிழக்கே தேரடி மாடன் கோயில், இந்த இரண்டுக்கும் நடுவில் யார் எதைச் சொன்னாலும் அது பாட்டாக வந்தது. தாண்டி ஓர் அடி வைத்தால் பேச்சு பழையபடி பேச்சாகிவிட்டது. நகராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் வந்து, கடைக்காரர்களை வரிசையாக நிறுத்தி நாக்கை நீட்டி "ஆ" சொல்லச் சொன்னார். வரிசை முழுக்க ஆலாபனை செய்தது. அவர் டார்ச்சை அணைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "இது கொசுவால வந்ததில்லை" என்று ஊஞ்சல் பாட்டு மெட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அப்போது பஜார் இருந்த நிலைமைக்கு எது வந்தாலும் வரவுதான். பஸ் ஸ்டாண்டை பைபாஸுக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகு, பஸ் போன வழியே கூட்டம் போயிற்று, கூட்டம் போன வழியே அல்வாக்கடை போயிற்று, அல்வாக்கடை போன வழியே ஈயும் போயிற்று. பாதிக் கடைகளின் ஷட்டர்களில் துருவும் பழைய தேர்தல் சின்னங்களும் மட்டும் மிஞ்சின. டாக்கீஸ் மூடிக்கிடந்தது, அதற்குள் வௌவால்கள் தினம் மூன்று காட்சி பறந்தன. இருக்கிற வியாபாரிகள் எல்லோரும் ஒருநாள் தேரடி மாடன் முன்னால் கூடி, சாகிறவரைக்கும் புது பஸ் ஸ்டாண்டை மிதிப்பதில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்கள். அதனால் மதுரைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள்கூட பைபாஸ் ரோட்டில் வெயிலில் நின்று, ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டித் துரத்தி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பாட்டுக்கு ஊர் பழகுவதற்கு அதிக நாள் ஆகவில்லை. மெட்டு நம் கையில் இல்லை என்பதுதான் முதலில் தெரிந்தது. நாற்பது வருஷமாக ஊருக்கே சங்கீதம் சொல்லிக்கொடுத்த சிவசைலம் வாத்தியார், சரிகைத் துண்டு போட்டுக்கொண்டு, கல்யாணி ராகத்தில் காய்கறி விலை கேட்பதென்று முடிவுசெய்து பஜாருக்குள் நுழைந்தார். வாயைத் திறந்தால் வண்டிக்காரன் தெம்மாங்குதான் வந்தது, அதுவும் நன்றாக வந்தது, தக்காளி விற்கிற அம்மாள் தொடையைத் தட்டித் தாளம் போட்டாள். அவர் மணிக்கூண்டுக்கு வெளியே போய் நின்று, "தெருவுக்கு ஞானம் பத்தாது" என்று வெறும் பேச்சில் சொன்னார். ஆனால் மறுநாளும் வந்தார், அதற்கடுத்த நாளும் வந்தார்.

இரண்டாவதாகத் தெரிந்ததுதான் வில்லங்கம். பொய் சொன்னால் அது தாலாட்டாக வந்தது. "கொள்முதல் விலைக்கே தாரேன், ஒரு பைசா லாபம் இல்லை" என்று கொம்பையா பாட, எதிரில் இருந்த பெண்கள் கொட்டாவி விட்டார்கள், ஒருத்தி சேலைக் குவியலின்மேலேயே கண்ணயர்ந்துவிட்டாள். கட்டட உரிமையாளர்கள் "வாடகையைக் கூட்ட எனக்கு மனசே இல்லை" என்று ஆராரோ பாடினார்கள். தெருவில் நின்றபடி போனில் "ஆபீஸ்லதான் இருக்கேன்" என்று சொன்ன கணவன்மார்களின் குரல் அந்தப் பக்கம் தொட்டில் ஆட்டுவதுபோலக் கேட்டது. கடைசியில் பொய் சொல்லவேண்டியவர்கள் மணிக்கூண்டுக்கு வெளியே இருந்த டீக்கடைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவது வழக்கமாயிற்று. அந்த டீக்கடை இரண்டு பெஞ்சிலிருந்து மாடி வைத்த கட்டடமாக வளர்ந்தது.

பாட்டுக் கேட்கக் கூட்டம் வந்தது. கூட்டத்துக்குப் பின்னால் கலைஞர்கள் வந்தார்கள். சென்னையிலிருந்து ஜோல்னாப் பை மாட்டிய ஓவியக்காரர்கள் வந்து, யாரும் சீண்டாத கடைகளை வாடகைக்குப் பிடித்து, துருப்பிடித்த ஷட்டர்களில் திமிங்கிலமும் பனைமரமும் கண்ணாடி போட்ட எருமையும் வரைந்தார்கள். மதுரையிலிருந்து நாடகக் குழு ஒன்று வந்து டாக்கீஸில் ஒத்திகை பார்த்தது. சுமாராக நடித்தவர்களின் வசனமெல்லாம் தாலாட்டாகிவிட, நல்ல நடிகர் யார் என்பது விமர்சகர்களின் உதவி இல்லாமலே ஊருக்குத் தெரிந்தது. வௌவால்களைக் கெஞ்சிக் கூத்தாடி வெளியேற்றிவிட்டு அதே டாக்கீஸைக் கலைக்கூடம் ஆக்குவதென்று தீர்மானம் போட்டார்கள். கொம்பையா ‘பழைய பஜார் மறுமலர்ச்சிக் குழு’வுக்குத் தலைவரானார், அல்வாக்கடை திரும்பி வந்தது, ஈயும் வந்தது.

இத்தனைக்கும் நடுவில், பாட்டு யாருக்காகப் பிடித்ததோ என்று நினைக்கும்படி ஓர் ஆள் அங்கே இருந்தார். பாத்திரக்கடை பாபநாசம். நாற்பது வயது தாண்டியவர், தேங்காய் நார்போல அடர்ந்த மீசை, பிறந்ததிலிருந்து திக்கல். அதிலும் அவர் பெயரே அவருக்குப் பெரிய மதில், "பா... பா..." என்று அதன் அடியிலேயே நின்றுவிடுவார், கேட்கிறவர் பொறுமையில்லாமல் போய்விடுவார். அதனால் அந்த மீசைக்கும் உயரத்துக்கும் சம்பந்தமில்லாமல் ஊர் அவரைப் ‘பாப்பா’ என்று கூப்பிட்டது. விலையைச் சாக்பீஸால் பாத்திரத்தின் அடியில் எழுதிவைத்து, வாடிக்கையாளர் கேட்டால் கவிழ்த்துக் காட்டுவார். இப்படியே வியாபாரம் செய்து, இப்படியே பெண் பார்க்கப் போய், பெண் வீட்டார் பெயர் கேட்டபோது அதைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிப்போய்த் திரும்பி வந்தவர்.

பாட்டுப் பிடித்த அன்று காலை அவர் கடைவாசலில் நின்று, யாரும் கேட்காமலே, "பாபநாசம்" என்று பாடினார். முழுசாக வந்தது, முனை மழுங்காமல், ஆற்றில் விட்ட வெற்றிலைபோல வழுக்கிக்கொண்டு வந்தது. இன்னொருமுறை பாடிப் பார்த்தார். பிறகு நிறுத்தவே இல்லை. இருபது வருஷத்துக்கு முன்னால் தன்னைக் கிண்டல் செய்தவர்களின் கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போய், அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டிய பதில்களைச் சொல்லிவிட்டு வந்தார். சிலருக்குக் கேள்வியே மறந்துபோயிருந்தது, ஆனாலும் பதில் பிரமாதமாக இருந்ததால் கேட்டுக்கொண்டார்கள். பாடகர்கள் நிறையப் பேர் வந்தார்கள் என்றாலும் பாபநாசத்தின் பாட்டுக்குத்தான் கூட்டம் நின்றது. அவர் குக்கருக்கு கேஸ்கெட் போடும் விதத்தைச் சொன்னால்கூட ஓவியக்காரர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஆனால் அன்றிலிருந்து அவர் மணிக்கூண்டைத் தாண்டவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, கடைமேல் பரணில் அண்டாக்களுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். மாமா பையன் கல்யாணம் வெளியே நடந்தது, போகவில்லை. பல்வலி வந்தது, பல் டாக்டர் வெளியே இருந்தார், கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டே கிடந்தார்.

அந்தச் சமயத்தில்தான் முப்பிடாதி சோறு பொங்கச் சருவம் வாங்க வந்தாள். புது பஸ் ஸ்டாண்டில் மைக் முன்னால் உட்கார்ந்து எந்த பஸ் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று அறிவிக்கிறவள். கயத்தாற்றுக்காரி, ஊருக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன, பாட்டுக்கு முந்திய பஜாரும் பாபநாசமும் அவளுக்குத் தெரியாது. எல்லோரையும் ஏதாவது ஒரு மெட்டில் இழுத்த தெருவுக்கு அவளை மட்டும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் பேசினால் சுருதிப்பெட்டிபோல ஒரே சுரத்தில்தான் வந்தது, பஸ் பெயர் சொல்கிற மாதிரியே.

"அடி கனமா இருக்கணும். விலை எவ்வளவு?"

பாபநாசம் விலை சொன்னார். கூடவே அந்தச் சருவத்தின் பிறப்பு வளர்ப்பையும் சொன்னார். அவள் முழுசாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அடியில ஒரு நெளிசல் இருக்கு, அதைச் சொல்லலையே" என்றாள். அவர் அசந்துபோனார். அடுத்த வாரம் அவள் மூடி வாங்க வந்தாள், அதற்கடுத்த வாரம் கரண்டிக்கு, பிறகு எதுவும் வாங்காமலே வந்தாள். புது பஸ் ஸ்டாண்டு ஆள் பஜாருக்குள் அடிக்கடி வருவது வியாபாரிகளுக்கு முதலில் உறுத்தியது. பிறகு, எதிரி முகாமிலிருந்து ஒருத்தி நம் பக்கம் சாய்கிறாள் என்று அதையும் மறுமலர்ச்சிக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள்.

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கடைக்கு முன்னால் நல்ல கூட்டம் இருக்கும்போது, பாபநாசம் முப்பிடாதியிடம் தன்னைக் கட்டிக்கொள்ளச் சம்மதமா என்று கேட்டார். அது என்ன மெட்டு என்று சிவசைலம் வாத்தியாராலேயே சொல்ல முடியவில்லை. எதிர்ச்சாரியில் சேலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் மடிப்பதை மறந்தார்கள், கோயில் மணி அடிக்கப் போனவர் கயிற்றைப் பிடித்தபடியே நின்றார், முடிந்தபோது தெருவே கைதட்டியது. "எம்மா, தாலாட்டு இல்லை பாத்துக்கோ, அம்புட்டும் நிசம், நாங்க சாட்சி!" என்று பூக்கடைக்காரர் கூவினார்.

முப்பிடாதி இடுப்பில் கூடையை மாற்றி வைத்துக்கொண்டாள். "பொய் இல்லைன்னு எனக்கும் தெரியுது. மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா மெட்டு தெருவோடது. எங்க முதல் வீட்டுக்காரருக்குப் பேச்சுல தேன் ஒழுகும். ஒழுகி ஒழுகி ஒருநாள் ஆளே ஒழுகிப் போயிட்டாரு. அதுலயிருந்து எனக்கு இனிப்பு ஆகாது."

"நான் போகமாட்டேன்" என்று பாபநாசம் பாடினார்.

"போகமாட்டிய, சரி. ஆனா குடும்பம் நடத்தப்போறது இந்தத் தெருவுலயா? சோறு குழைஞ்சா, காய்ச்சல் வந்தா, சண்டை வந்தா, அதெல்லாம் வீட்டுலதான வரும்? அந்தப் பேச்சு எப்படி இருக்கும்னு நான் கேக்கணும்லா?" அவள் பஸ் ஸ்டாண்டு இருந்த பக்கம் கையைக் காட்டினாள். "வார ஞாயித்துக்கிழமையோட எனக்கு வேலை முடியுது. இனிமே கம்ப்யூட்டர் சொல்லுமாம். சாயந்தரம் கடைசியா ஒரு அறிவிப்பு சொல்லிட்டு நான் கயத்தாறு பஸ்ஸுல ஏறிருவேன். அதுக்குள்ள பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, இப்பக் கேட்டதைக் கேளுங்க. பதில் சொல்லுதேன்."

அவள் போன பிறகு கூட்டம் பாபநாசத்தையே பார்த்தது. பாபநாசத்தின் திக்கலைத் தெரியாதவள் அந்தத் தெருவில் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சங்கதியும் இருந்தது. கலைக்கூடத்தைத் திறந்துவைக்க அமைச்சர் வருகிறார். வரவேற்பு பாபநாசம் என்று வழவழத் தாளில் நோட்டீஸ் அடித்து ஒட்டியாகிவிட்டது. அன்று சாயந்தரம் தோரணமும் சீரியல் பல்புமாகத் தெரு ஜொலித்துக்கொண்டிருக்க, பாபநாசம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பரணிலிருந்து இறங்கி, மேடை இருந்த கிழக்குப் பக்கம் திரும்பாமல் மேற்கே நடந்தார். கொம்பையா ஓடிவந்து மணிக்கூண்டுக்கு முன்னால் குறுக்கே நின்றார்.

"எங்கவே போறீரு? மந்திரி டோல்கேட்டைத் தாண்டியாச்சு!"

"பஸ் ஸ்டாண்டுக்கு அண்ணாச்சி."

"நீரு போயிட்டா இந்த பஜார் திரும்பப் படுத்துரும்வே. வௌவால் திரும்ப வந்துரும். எங்க அப்பா காலத்துக் கடைவே எனக்கு." கொம்பையாவிடமிருந்து வந்தது ஒப்பாரி மெட்டு, அதனால் அவர் நிஜமாகவே பயந்துபோயிருக்கிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாபநாசத்துக்கும் கால் கொஞ்சம் தயங்கியது. அதைப் பார்த்த கொம்பையா கடைசி ஆயுதத்தை எடுத்தார்: "அதோட, மாடன் முன்னால சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்கோம். பஸ் ஸ்டாண்டை மிதிச்சா சாமி சும்மா விடாது."

"நான் சத்தியம் பண்ணலை அண்ணாச்சி" என்றார் பாபநாசம். அந்தத் தெருவில் அவர் அதற்குமுன் இவ்வளவு மெதுவாகப் பாடியதில்லை. "அன்னைக்கு நான் ‘ச’ங்கிற எழுத்துலயே நின்னுட்டேன். சூடம் அணைஞ்சுபோச்சு. நீங்கள்லாம் காத்திருக்காம வீட்டுக்குப் போயிட்டிய."

கொம்பையா வழியை விட்டு ஒதுங்கினார். பாபநாசம் மணிக்கூண்டைத் தாண்டினார்.

பஜாரில் அமைச்சர் வந்து இறங்கினார். வரவேற்க ஆள் இல்லாததால் கொம்பையாவே மேடையேறி, "எங்கள் உயிரினும் மேலான அமைச்சர் அவர்களே" என்று ஆரம்பித்தார். அது ஊரிலேயே இதுவரை கேட்டிராத அருமையான தாலாட்டாக வந்தது, முன்வரிசை சாய்ந்தது. அமைச்சர் பதிலுக்குத் தன் துறையின் சாதனைகளைச் சொன்னார். நடுவரிசையும் கடைசிவரிசையும் சாய்ந்தன, காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கள் நின்றபடியே தூங்கினார்கள், கடைசியில் அமைச்சரே தன் சாதனைகளைக் கேட்டுத் தூங்கிப்போனார். விழா அமைதியாக நடந்தது என்று மறுநாள் பேப்பரில் போட்டிருந்தது. விழித்தெழுந்தவர்கள் எல்லோரும், பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினோம் என்று சொல்லி மறுவாரமும் குடும்பத்தோடு வந்தார்கள். பஜார் படுக்கவில்லை.

புது பஸ் ஸ்டாண்டில் பாபநாசம் அறிவிப்பு அறையின் ஜன்னலுக்கு முன்னால் வந்து நின்றபோது, கயத்தாறு வழியாகக் கோவில்பட்டி போகிற பஸ் நான்காவது நடைமேடையில் உறுமிக்கொண்டிருந்தது. அதில் ஜன்னலோரத்து இருக்கையில் முப்பிடாதியின் துணிப்பை இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. அவள் மைக்கை அணைக்காமலே நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைச் சட்டை முழுக்க வேர்த்திருந்தது.

"வந்துட்டியளா" என்றாள். "கேளுங்க."

பாபநாசம் வாயைத் திறந்தார். "க..." என்றார். "க... க..."

மைக் வழியாக அது பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது. முப்பிடாதிக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை, பிறகு புரிந்தது, பாத்திரங்களின் அடியில் இருந்த சாக்பீஸ் எழுத்துகளும் புரிந்தன. அதற்குள் சுற்றி நின்றவர்கள் உதவிக்கு வந்துவிட்டார்கள்.

"கயத்தாறா? இந்தா நிக்கு, ஏறுங்க!"

"கழுகுமலையாவே? அது அஞ்சாவது பிளாட்பாரம்."

"கடம்பூருக்குன்னா பஸ் போயிட்டே, அண்ணாச்சி."

"கக்கூஸா இருக்கும்யா, மனுசன் முகத்தைப் பாரு. அண்ணே, அந்தப் பக்கம், டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால!"

பாபநாசம் கண்ணை மூடிக்கொண்டார். நாற்பது வருஷமாக அவர் பேச்சுக்கு நடந்தது இதுதான். யாராவது ஒருவர் முடித்துவைத்துவிடுவார், அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிடுவார், கழுகுமலைக்கே போகவேண்டியிருந்தாலும் போய்விடுவார். திரும்புவதற்குக் காலையும் எடுத்துவிட்டார்.

"யாரும் எடுத்துக் குடுக்காதிய." ஒலிபெருக்கிகள் எல்லாவற்றிலிருந்தும் முப்பிடாதியின் குரல் ஒரே சுரத்தில் வந்தது. "அவரு வார்த்தையை அவரே சொல்லட்டும். நாலாம் நடைமேடை டிரைவர், இஞ்சினை அணைங்க, கேக்கமாட்டேங்கு."

டிரைவர் அணைத்தார். அதைப் பார்த்து அடுத்த பஸ்ஸும், அதற்கடுத்த பஸ்ஸும் அணைந்தன. கண்டக்டர்கள் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நின்றார்கள். வேர்க்கடலை வறுக்கிறவர் சட்டியில் கரண்டியால் தட்டுவதை நிறுத்தினார், கடலை கருகியது, அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பாபநாசம் ‘க’வில் நின்றார், மூச்சு விட்டார், மறுபடி ‘க’வுக்கு வந்தார், அதை ஏறிக் கடந்தார், ‘ட்டி’யில் சறுக்கினார். தாடை வலித்தது. ஒருதரம் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். முப்பிடாதி கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உதட்டை அசைத்து உதவவில்லை, பாவம் என்று முகத்தை வைத்துக்கொள்ளவும் இல்லை. முழங்கையை மேஜையில் ஊன்றி, சருவத்தின் கதையைக் கேட்ட அதே மாதிரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"க... கட்டி... கட்டிக்கிடச் ச... ச... சம்மதமா?"

பாபநாசம் மூச்சு வாங்கிக்கொண்டு, யாரும் கேட்காத ஒன்றையும் சொன்னார்: "வீ... வீட்டுல இ... இப்படித்தான் இ... இருக்கும்."

"அப்பம் ஒரு சண்டையை ஆரம்பிச்சா முடிக்க ஒரு மாசம் ஆகும்லா" என்றாள் முப்பிடாதி.

"ஆ... ஆகும்."

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கயத்தாறு வழியாகக் கோவில்பட்டி செல்லும் பேருந்து நான்காவது நடைமேடையிலிருந்து இப்போது புறப்படும். அதில் ஜன்னலோரத்தில் ஒரு துணிப்பை இருக்கு, அதை யாராவது இறக்கிக் குடுத்திருங்க. அந்தச் சீட்டு காலி."